இரட்டை முன்பதிவு விழாத காலண்டர்: சிறு தொழிலுக்கு நாமே எழுதிக்கொள்ளும் வெப் ஸ்கிரிப்ட்

நான் முதன்முதலில் எழுதிய காலண்டர் ஸ்கிரிப்ட் பார்க்க அழகாக இருந்தது. நண்பர் ஒருவர் மூன்று ஊழியர்களை வைத்து நடத்திய பழுதுபார்ப்பு நிலையத்துக்காக எழுதியது. மாதத்தைத் திருப்பினால் சரியாகத் திரும்பும். இன்றைய தேதிக்கு மஞ்சள், ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவப்பு. இரண்டாவது வாரமே காலை பத்து மணிக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே ஊழியர். திரையைப் பார்த்தால் இருவர் பெயரும் ஒரே கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வரைந்ததில் பிழையே இல்லை. அந்த நேரம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா என்று பார்க்கத்தான் என் நிரலுக்குத் தெரியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் கட்டம் போடுவதற்குக் கொஞ்ச இடம்தான். நேரத்தை எப்படிச் சேமிப்பது, மோதலை எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் அதிகம். பிஎச்பி ஓரளவு எழுதத் தெரியும், டேட்டாபேஸில் ஒரு வரிசையைச் சேர்க்கவும் எடுக்கவும் தெரியும் என்றால் போதும்.

நிரலுக்கு முன் நோட்டுப் புத்தகம்

இப்போது அவர்கள் எதில் எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நோட்டோ, சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையோ, எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்துப் பக்கங்களை அப்படியே வாசியுங்கள். அடித்துத் திருத்தியிருப்பது, ஓரத்தில் எழுதிய போன் எண், இரண்டு பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு மாற்றியிருப்பது எல்லாம் உங்கள் நிரல் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்.

அதில் முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்று: முன்பதிவு ஆவது எது? ஊழியரா, அறையா, இயந்திரமா? சலூனில் நாற்காலி காலியாக இருந்தும் முடி வெட்டுபவர் இல்லையென்றால் பயனில்லை. பயிற்சி மையத்தில் ஆசிரியர் இருந்தும் அறை இல்லையென்றால் அதே கதைதான். சில இடங்களில் இரண்டுமே ஒன்றாகக் கிடைக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் டேபிள் போட ஆரம்பித்தால், பாதியில் எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆளின் நேரத்தைக் குறித்து வைத்தால் போதும் என்றால் கூகுள் காலண்டரே போதும், எதையும் எழுத வேண்டாம். இரண்டு மூன்று பேரின் நேரத்தை ஒரே திரையில் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் விவரம் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்றால்தான் சொந்த ஸ்கிரிப்டுக்கு அர்த்தம் உண்டு.

எதை வைத்துக் கட்டுவது

பிஎச்பியும் எஸ்கியூலைட்டும் போதும். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். எஸ்கியூலைட்டில் மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. தனியாக சர்வர் ஓட்ட வேண்டாம். அந்தக் கோப்பை மட்டும் இணையத்தில் திறக்கும் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால், கோப்பின் பெயரை ஊகிக்கிற யாரும் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை முழுதாக இறக்கிக்கொண்டு போகலாம்.

டேட்டாபேஸ் எதற்கு, ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிவரியாக எழுதினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தொண்ணூறுகளில் வெப் சர்வர் நேரடியாக ஓட்டிய சிஜிஐ ஸ்கிரிப்டுகள் பல அப்படித்தான் ஓடின. இருவர் ஒரே நொடியில் சேமித்தால், பின்னால் எழுதியவருடையது முன்னவருடையதை அழித்துவிடக்கூடும். நாம் தவிர்க்கப் பார்ப்பதே இதைத்தான்.

டேபிள்கள்: மூன்று போதும்

முதல் டேபிள் முன்பதிவு ஆகக்கூடியவற்றுக்கு: ஊழியர், அறை, இயந்திரம். ஐடி, பெயர், என்ன வகை, இப்போது பயன்பாட்டில் உள்ளதா என்பவை போதும். வேலையை விட்டுப் போனவரின் வரிசையை அழிக்காதீர்கள். பழைய முன்பதிவுகள் அவரைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, லாகின் செய்பவர்களுக்கு. மூன்றாவதுதான் முன்பதிவு டேபிள். அதில் யாருடைய அல்லது எதனுடைய நேரம், தொடக்கம், முடிவு, வாடிக்கையாளர் பெயர், போன் எண், குறிப்பு, வகை, நிலை, யார் பதிந்தார், எப்போது பதிந்தார் ஆகியவை இருக்க வேண்டும். ரத்து செய்தால் வரிசையை நீக்க வேண்டாம், நிலையை மட்டும் 'ரத்து' என்று மாற்றினால் போதும். "நான் ரத்து செய்யவே இல்லையே" என்று ஒருவர் போன் செய்யும் நாளில் அது கைகொடுக்கும்.

விடுமுறைக்கும் மதிய இடைவேளைக்கும் தனி டேபிள் போடலாமா? நான் போடுவதில்லை. ஊழியரின் விடுப்பும் ஒரு முன்பதிவுதான். வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் வகை என்ற புலத்தில் 'விடுப்பு' என்று இருக்கும், அவ்வளவுதான். இப்படிச் செய்தால், பின்னால் வரும் மோதல் சோதனை விடுப்பு நாளையும் தானாகவே பிடித்துவிடும்.

நேரத்தை எழுதும் விதம்

எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. எழுத்தாகவே சேமிக்கலாம்: 2026-08-14 09:30 என்ற வடிவில். ஆண்டு, மாதம், நாள், மணி என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போவது ஐஎஸ்ஓ 8601 தரத்தின் முறை. இதில் ஒரு வசதி உண்டு: எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். ஆனால் முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. 9:30 என்று எழுதிவிட்டால், எழுத்து வரிசையில் அது 10:00-க்குப் பின்னால் போய் நிற்கும், ஏனென்றால் 1 என்ற குறி 9-க்கு முன்னால் வருகிறது. காலை முதல் முன்பதிவு பட்டியலின் அடியில் கிடந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்தது நேர மண்டலம். எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் சேமிக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நடந்து முடிந்த விஷயத்துக்கு அது சரி. யார் எப்போது பதிந்தார் என்பதை நானும் யூடிசியில்தான் வைக்கிறேன். வரப்போகும் சந்திப்புக்கு மட்டும் அந்த இடத்துச் சுவர்க் கடிகாரம் காட்டும் நேரத்தையே எழுதுவேன். வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த வாக்கு 'காலை பத்து மணி' என்பதுதான். நடுவில் அரசாங்கம் நேர விதியை மாற்றினாலும் அவர் பத்து மணிக்குத்தான் வருவார். யூடிசியில் வைத்த குறிப்போ ஒன்பதாகவோ பதினொன்றாகவோ நகர்ந்திருக்கும். கூடவே நேர மண்டலத்தின் பெயரை அமைப்பில் ஒருமுறை பதியுங்கள், கண்டம்/நகரம் என்ற வடிவில். யூடிசியிலிருந்து இத்தனை மணி வித்தியாசம் என்ற எண்ணை மட்டும் வைப்பது போதாது. கோடைக்கால நேரம் (கோடையில் கடிகாரத்தை முன்னால் நகர்த்தி வைக்கும் முறை) உள்ள நாடுகளில் அந்த எண் ஆண்டுக்கு இரண்டு முறை மாறும்.

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே நேர மண்டலத்தைச் சொல்லிவிடுங்கள். சர்வர் வேறெங்கோ இருக்கும். சொல்லாவிட்டால் அதன் நேரப்படி 'இன்று' என்ற மஞ்சள் கட்டம் நேற்றிலேயே நிற்கலாம்.

மாதக் கட்டம்

இது எளிது. மாதத்தின் முதல் தேதி எந்தக் கிழமை, மாதத்துக்கு எத்தனை நாள் என்ற இரண்டையும் பிஎச்பியின் டேட் செயற்கூறே சொல்லிவிடும். முதல் கிழமைக்கு முன் வரும் கட்டங்களில் போன மாதத்தின் கடைசி நாட்கள், பிறகு இந்த மாதம், மீதியில் அடுத்த மாதம்.

எத்தனை வரிசை வேண்டும்? ஞாயிறில் வாரம் தொடங்கினால் 2026 பிப்ரவரி நான்கே வரிசையில் கச்சிதமாக அடங்கிவிடும். 1ஆம் தேதி ஞாயிறு, 28 நாள். அதே ஆண்டு ஆகஸ்ட் சனிக்கிழமை தொடங்கி 31 நாள் போவதால் ஆறு வரிசை கேட்கும். ஐந்து வரிசையோடு நிறுத்தியவர்களுக்கு ஆகஸ்ட் 30, 31 காணாமல் போகும். எப்போதும் 42 கட்டம் போட்டுவிடுங்கள். மாதம் திருப்பும்போது பக்கத்தின் உயரமும் குதிக்காது.

வாரத்தின் முதல் நாள் ஞாயிறா திங்களா என்பதை நிரலுக்குள் புதைக்காமல் அமைப்பில் வையுங்கள். ஐஎஸ்ஓ தரம் திங்களைச் சொல்கிறது. பலருக்குக் கண் பழகியது ஞாயிறு.

இரண்டு இடத்தில் கால் இடறும். 'அடுத்த மாதம்' பொத்தானுக்கு இன்றைய தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டாதீர்கள். 2026 ஜனவரி 31-உடன் பிஎச்பியில் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வரும். பிப்ரவரி 31 என்று ஒன்று இல்லாததால் அது மூன்று நாள் தள்ளிப் போய்விடுகிறது. எப்போதும் மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்து கூட்டுங்கள். அதேபோல 'நாளை' வேண்டுமென்றால் 86400 வினாடியை (24 மணி நேரம்) கூட்ட வேண்டாம், 'ஒரு நாள்' என்றே கூட்டுங்கள். கோடைக்கால நேரம் மாறும் நாளுக்கு 23 அல்லது 25 மணி நேரம்.

ஜாவாஸ்கிரிப்டில் கொஞ்சம் வேலை செய்வதாக இருந்தால் அங்கே மாத எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆகஸ்ட் என்பது 7. தேதியை மட்டும் எழுத்தாகக் கொடுத்தால் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்னால் இருக்கும் நாடுகளில் தேதி ஒரு நாள் முன்னதாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

முன்பதிவுகளை எடுக்கும்போது கட்டத்துக்கு ஒரு வினவல் என்று 42 முறை டேட்டாபேஸைத் தட்டாதீர்கள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரே வினவலில் எடுத்து, தேதிவாரியாகப் பிரித்து ஒரு அரேயில் வைத்துக்கொண்டு, பிறகு வரையுங்கள்.

சொல்லப்போனால் மாதப் பார்வை முதலாளிக்கு. முன்மேசையில் இருப்பவர் நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பது நாள் பார்வையைத்தான்: மேலே ஊழியர் பெயர்கள், இடப்பக்கம் கால் மணிக்கு ஒரு கோடு. இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க நேரம் இருக்கிறது என்றால் நாள் பார்வையை முடியுங்கள்.

மோதல் சோதனை

இப்போது நான் கோட்டைவிட்ட இடத்துக்கு வருவோம். ஒரு ஊழியருக்கு 10:00 முதல் 11:00 வரை முன்பதிவு இருக்கிறது. புதிதாக ஒன்று வருகிறது. அது 10:30-க்குத் தொடங்கலாம், 9:30-க்குத் தொடங்கி 10:15-க்கு முடியலாம், 9 முதல் 12 வரை மொத்தத்தையும் விழுங்கலாம், 10:15 முதல் 10:45 வரை உள்ளேயே அடங்கலாம். பலர் இந்த நான்குக்கும் நான்கு நிபந்தனை எழுதி, ஐந்தாவதாக ஒன்றை மறந்துவிடுவார்கள். ஒரே விதி போதும்:

புதியதின் தொடக்கம் பழையதின் முடிவுக்கு முன்னால் இருக்கிறது; பழையதின் தொடக்கமும் புதியதின் முடிவுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டும் உண்மையானால் மோதல்.

வேண்டுமானால் மேலே சொன்ன நான்கையும் போட்டுப் பாருங்கள். இதில் 'முன்னால்' என்றால் கண்டிப்பாக முன்னால்தான், சமம் சேராது. 11:00-க்கு ஒன்று முடிந்து 11:00-க்கே அடுத்தது தொடங்கினால் மோதல் இல்லை. முடிவு நேரத்தை 10:59 என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்த ஒரு நிமிடம் பிறகு எல்லாக் கணக்கிலும் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் வேண்டுமென்றால், முடிவு நேரத்திலேயே அதைச் சேர்த்துப் பதியலாம்.

அப்புறம் மூன்று சின்ன விஷயங்கள். அதே ஊழியர் அல்லது அதே அறை என்று வடிகட்ட வேண்டும். ரத்தானவற்றை ஒதுக்க வேண்டும். பழைய முன்பதிவைத் திருத்தும்போது அதன் சொந்த ஐடியையும் விலக்க வேண்டும், இல்லையென்றால் அது தன்னோடு தானே மோதி, போன் எண்ணைக்கூட மாற்ற விடாது.

சரி, சோதனை எழுதியாகிவிட்டது. இன்னும் முடியவில்லை. முன்மேசையில் ஒருவரும் உள்ளே ஒருவரும் ஒரே நேரத்தில் பத்து மணியை வெவ்வேறு வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார்கள். இருவரின் சோதனையும் ஓடுகிறது, இருவருக்கும் 'காலி' என்று பதில், இருவரும் எழுதுகிறார்கள். சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடுக்கில்தான் இரட்டை முன்பதிவு நுழைகிறது.

இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது டேட்டாபேஸ் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளும் தொகுதிக்குள் போடுவதுதான் வழி. எஸ்கியூலைட்டில் வெறும் 'பிகின்' என்று தொடங்கினால், இருவரும் படித்துவிடுவார்கள். எழுத வரும்போது ஒருவருக்கு 'டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது' என்ற பிழை வரும். தவறான பதிவு விழாது, ஆனால் முன்மேசையில் இருப்பவர் பயந்துவிடுவார். 'பிகின் இமீடியட்' என்று தொடங்கினால், படிப்பதற்கு முன்பே எழுதும் பூட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டாமவர் வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் சோதிப்பார். அப்போது முதலாமவரின் பதிவு கண்ணில் பட்டு, 'இந்த நேரம் போய்விட்டது' என்ற நாகரிகமான பதில் வரும். டேட்டாபேஸோடு பேசப் பிஎச்பியில் உள்ள பிடிஓவில் அந்தக் கட்டளையை நேரடியாகவே அனுப்புங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதையும் ஐந்து வினாடி போல அமைத்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் அந்த ஊழியரின் வரிசையைப் பூட்டிக்கொண்டு படிக்க வேண்டும்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவே தற்காலிகமாக மூன்று வினாடி தூங்கச் சொல்லி, இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தை அனுப்புங்கள். ஒரே பிரவுசரின் இரண்டு டேப்களில் செய்தால் ஏமாந்துபோவீர்கள். பிஎச்பி செஷன் கோப்பு பூட்டப்பட்டிருப்பதால் இரண்டாவது டேப் தானாகவே காத்திருக்கும், நிரல் சரியாக இருப்பதுபோலத் தெரியும். நான் அரைநாள் அப்படி ஏமாந்திருக்கிறேன். இரண்டு வெவ்வேறு பிரவுசரில் செய்யுங்கள்.

படிவமும் பாதுகாப்பும்

தேதிக்கும் நேரத்துக்கும் எச்டிஎம்எல்லில் உள்ள உள்ளீட்டு வகைகளே போதும். தனி நூலகம் வேண்டாம். பிரவுசர் சரிபார்த்தாலும் சர்வரிலும் சரிபாருங்கள்: தேதி உண்மையில் இருக்கிறதா, முடிவு தொடக்கத்துக்குப் பின்னால் வருகிறதா. பிழை வந்தால் தட்டியதை எல்லாம் அழித்துவிட்டு வெற்றுப் படிவத்தை நீட்டாதீர்கள், போனில் வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார்.

டேட்டாபேஸுக்குப் போகும் மதிப்புகள் தயார்செய்த வினவல் (கட்டளை தனி, மதிப்பு தனி என்று அனுப்பும் முறை) வழியாகவே போக வேண்டும், திரைக்கு வருபவை எச்டிஎம்எல் குறிகள் வெறும் எழுத்தாக மாற்றப்பட்டே வர வேண்டும். சேமித்து முடித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் ரிஃப்ரெஷ் செய்தால் படிவம் மறுபடி போகும். வேறு தளத்திலிருந்து யாரும் போலியாக அனுப்பாதபடி ஒவ்வொரு படிவத்திலும் ஒரு ரகசிய டோக்கன் இருக்கட்டும். பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமிக்கப் பிஎச்பியின் சொந்த ஹேஷ் செயற்கூறு இருக்கிறது, அதை விட்டு நீங்களாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே லாகின் என்பது வசதியாகத்தான் இருக்கும், யார் மாற்றினார் என்று கேட்கும் நாள் வரைக்கும்.

வாடிக்கையாளர்கள் பார்க்கும் பக்கம் ஒன்று வைத்தால் அதில் பெயரும் போன் எண்ணும் வரவே கூடாது. திரையில் மறைத்தால் போதாது, சர்வரிலிருந்து அனுப்பவே கூடாது. 'நிரம்பியது', 'காலி' என்ற இரண்டு சொல் போதும்.

வாராவாரம் வருபவை

செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு ஒருவர் வருகிறார். இதை விதியாகச் சேமித்து ஒவ்வொரு முறையும் கணக்கிடலாம். பெரிய காலண்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. சிறு தொழிலுக்கு நான் வேறு மாதிரி செய்வேன்: அடுத்த ஆறு மாதத்துக்கான 26 வரிசைகளையும் நிஜமாகவே எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் எண்ணைக் கொடுத்துவிடுவேன். ஒரு வாரம் மட்டும் வரமாட்டார் என்றால் அந்த ஒரு வரிசை ரத்து. மோதல் சோதனையிலும் எதையும் மாற்ற வேண்டாம். எழுதும் முன் எந்தெந்தத் தேதி மோதுகிறது என்று பட்டியல் காட்டிக் கேளுங்கள்.

மாதந்தோறும் 31ஆம் தேதி என்று யாராவது கேட்டால், 30 நாள் மாதத்தில் என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். காலண்டர் நிரல்கள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம் அப்படிப்பட்ட மாதத்தைத் தாண்டிப் போய்விடும். வாடகை வசூலிப்பவருக்கு அது பிடிக்காது.

ஊழியரின் போனுக்கு

ஊழியர் தன் போன் காலண்டரிலேயே பார்க்க விரும்புவார். அதற்கு ஐகேலண்டர் வடிவம் இருக்கிறது: 1998-இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, 2009-இல் அதற்குப் பதிலாக ஆர்எஃப்சி 5545 வந்தது. வெறும் டெக்ஸ்ட்தான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும். திருத்தும்போதும் அதே அடையாளம் இருந்தால்தான் பழையது மாறும். இல்லையென்றால் போனில் இரண்டாக நிற்கும். முழுநாள் விடுப்புக்கு முடிவுத் தேதி மறுநாள். 14ஆம் தேதி ஒருநாள் விடுப்பு என்றால் தொடக்கம் 14, முடிவு 15.

தமிழில் எழுதுபவர்களைக் குறிப்பாகப் பிடிக்கும் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தரம் சொல்கிறது. போனால் வரியை முறித்து, அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'வாடிக்கையாளர்' என்ற ஒரே சொல்லில் புள்ளியும் கொம்பும் காலும் சேர்த்து 13 குறிகள், அதாவது 39 பைட். இரண்டு சொல்லிலேயே எல்லை தாண்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு 75-ஆம் பைட்டில் வெட்டினால் ஒரு எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்து, போனில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். எழுத்தை உடைக்காமல் பைட் கணக்கில் வெட்டும் செயற்கூறு, பிஎச்பியில் mb_ என்று தொடங்கும் செயற்கூறுகளின் வரிசையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

போன் இந்தக் காலண்டரை எடுத்துக்கொள்ளும் இணைப்பின் முகவரியில் ஊகிக்க முடியாத நீளமான குறியீடு இருக்கட்டும். ஆள் விலகினால் குறியீட்டை மாற்றிவிடலாம். போன் எப்போது புதுப்பித்துக்கொள்ளும் என்பது அதன் விருப்பம், சில மணி நேரம்கூட ஆகலாம். இன்று மதியம் மாறியதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஓடவிடும் முன்

பேக்கப் எடுக்க எஸ்கியூலைட் கோப்பை, யாரோ எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படியே காப்பி அடிக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் கிடைக்கலாம். அதற்கென்று உள்ள பேக்கப் கட்டளையை, குறித்த நேரத்தில் சர்வர் தானே ஓட்டும் கிரான் வேலையாகத் தினமும் இரவு ஓட்டி, பிரதியை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

சோதிக்க சில தேதிகள்: 2028 பிப்ரவரி 29, டிசம்பர் 31 இரவு 11-க்குத் தொடங்கி ஜனவரி 1 அதிகாலை முடியும் ஒன்று, 42 கட்டத்தின் கடைசிக் கட்டத்தில் விழும் ஒன்று.

முதல் இரண்டு வாரம் நோட்டையும் கூடவே எழுதச் சொல்லுங்கள், மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் பார்வைக்கு அச்சிடும் நடை ஒன்றும் எழுதிவிடுங்கள்: நிறமில்லாமல், பொத்தான்கள் மறைந்து, ஊழியருக்கு ஒரு பக்கமாக. என் நண்பர் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அதை அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுகிறார். இணையம் போனால் அன்று மாலை வரை அந்தத் தாள்தான் காலண்டர். பேனாவில் எழுதியதை மறுநாள் பதிந்துகொள்வார்.